வார்டில் என்ன நடக்கிறது என்று மாதாமாதம் எழுதிப் போடுகிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. எப்படி எழுதுவது?

கவுன்சிலர்_24

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு நகராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே யாராவது இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வார்டு குரூப்பிலேயே போட்டுவிடுவார்கள். 2022 பிப்ரவரியில் எங்கள் வார்டு பெண்கள் வார்டு என்று வந்தது, நின்றேன், 61 ஓட்டில் ஜெயித்தேன். அதற்கு முன்னால் தையல் கடை. இப்போதும் தையல் கடைதான், காலையில் வார்டு, மத்தியானத்துக்கு மேல் மிஷின்.

வார்டில் 11 தெரு. வாட்ஸ்அப் குரூப்பில் 400 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதிப் போடுவது என் வழக்கம். யாரும் போடச் சொல்லவில்லை, நானாக ஆரம்பித்தது. போன மாதம் போட்டதை அப்படியே தருகிறேன்:

“நமது வார்டில் நகர்மன்றத் தலைவர் அவர்களின் சீரிய முயற்சியால் புதுத்தெருவில் தார்ச்சாலை அமைக்கும் பணி சிறப்பான முறையில் நடைபெற உள்ளது. குடிநீர்ப் பிரச்சினை போர்க்கால அடிப்படையில் சரி செய்யப்படும். பழுதடைந்த தெருவிளக்குகள் விரைவில் சீரமைக்கப்படும். பாதாளச் சாக்கடை அடைப்பு குறித்து அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது. என்றும் மக்கள் பணியில் உங்கள் வார்டு உறுப்பினர்.”

கூடவே ஆறு போட்டோ. முதல் அரை மணி நேரம் கும்பிடு எமோஜியாக வந்தது, அதில் பாதி சொந்தக்காரர்கள். அப்புறம் ஒரு அக்கா, “மக்கள் பணி இருக்கட்டும், எங்க வாசல் மேன்ஹோல் மூடி என்ன ஆச்சு” என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கொட்டியது. நான் புதுத்தெருவில் கையை நீட்டி இன்ஜினியரிடம் ஏதோ காட்டுகிற போட்டோவை ஒரு பையன் வட்டம் போட்டு, “விரலை நீட்டினா ரோடு வந்துடுமா” என்று எழுதியிருந்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பொய் எழுதவில்லை. அந்த ரோட்டுக்காக இன்ஜினியர் அறை வாசலில் நாலு தடவை உட்கார்ந்திருக்கிறேன். கட்சியில் மூத்தவர்கள், “செஞ்சதை மட்டும் போடு, செய்யாததை நீயே ஏன் எழுதிக் கொடுக்கிறே” என்கிறார்கள். வீட்டில் அவர், “பேசாமல் நிறுத்திவிடு” என்கிறார். நிறுத்த மனசில்லை. எப்படி எழுதினால் ஜனங்கள் நம்புவார்கள்? வாக்காளராக இருக்கிறவர்கள் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

மூணாவது_சந்து

திட்டலாம் என்று சொன்னதால் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் நாலு வாக்கியம் இருக்கிறது, நாலும் ‘உள்ளது’, ‘படும்’, ‘படும்’, ‘பட்டுள்ளது’. யார் செய்வார்கள், எந்தத் தேதிக்குள், ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் குடிநீருக்காகப் போர்க்கால நடவடிக்கை ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது, இரண்டாம் உலகப் போரே ஆறு வருஷத்தில் முடிந்தது.

நீங்கள் நாலு தடவை இன்ஜினியர் வாசலில் உட்கார்ந்ததாக இங்கே எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு உறைத்தது. அதை ஏன் குரூப்பில் எழுதவில்லை? அங்கே ‘அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டு, இங்கே வந்து உள்ளதைச் சொல்கிறீர்கள். நீங்கள் எங்களோடு பேசுகிற தமிழ் ஒன்று, அறிக்கைத் தமிழ் ஒன்று. அறிக்கைத் தமிழை எவனும் படிப்பதில்லை மேடம், பார்த்தவுடன் விரல் தானாக மேலே தள்ளிவிடும்.

இன்னொன்று, போட்டோவில் நீங்கள் இருக்கவே கூடாது. பள்ளம் இருக்கட்டும், பள்ளத்தை மூடிய பிறகு அதே இடம் இருக்கட்டும். பின்னால் தெரிகிற வீட்டுக் கேட்டைப் பார்த்தாலே தெருக்காரனுக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

ஓய்வு_ஓவர்சியர்

அம்மா, நான் நகராட்சிகளில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் மொழியை மாற்றினால் மட்டும் போதாது. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யார் பணம், இந்த இரண்டையும் நீங்கள் சொல்வதே இல்லை. கவுன்சிலர்கள் பலருக்கே இது தெரியாது, தெரிந்தாலும் வெளியே சொல்வதில்லை.

ஒரு ரோடு என்றால் முதலில் எஸ்டிமேட். அப்புறம் மன்றத்தில் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒர்க் ஆர்டர். அதற்கு அப்புறம்தான் ஜல்லி இறங்கும். முடிந்த பிறகு அளந்து எம் புக்கில், அதாவது அளவுப் பதிவேட்டில் ஏற்றி, பில் போட்டு, செக் போகும். ‘பணி நடைபெற உள்ளது’ என்றால் இதில் எது? எஸ்டிமேட் போட்டாலும் அதே வார்த்தை, ஒர்க் ஆர்டர் கொடுத்தாலும் அதே வார்த்தை. இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம் ஓடும், ஜனங்கள் எட்டு மாதமும் உங்களைத் திட்டுவார்கள். ‘டெண்டர் விட்டோம், ஒருத்தரும் போடவில்லை, மறுபடியும் விடப் போகிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். அப்போதும் திட்டுவார்கள், ஆனால் உங்களை மட்டும் திட்டமாட்டார்கள்.

அடுத்தது பணம். நகராட்சிப் பொது நிதி என்றால் அது நம் வீட்டு வரி. மத்திய நிதிக்குழு மானியம் என்றால் அதில் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவு செய்ய வேண்டும், அந்தப் பகுதியை எடுத்துத் தார் ரோடு போட முடியாது. ‘தண்ணி டேங்குக்குப் பணம் இருக்கு, ரோட்டுக்கு இல்லையா’ என்று கேட்கிறவருக்கு இது ஒன்றுதான் பதில், ஆனால் யாரும் சொல்வதில்லை. எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்பி நிதி ஆண்டுக்கு 5 கோடி. எம்பி அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, எந்த வேலை என்று பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். கொரோனா நேரத்தில் 2020 ஏப்ரலில் எம்பி நிதியையே நிறுத்தினார்கள், 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் ‘எம்பி எங்கே’ என்று கேட்டுப் போஸ்டர் ஒட்டாத ஊர் இல்லை. நமக்கு நாமே திட்டம் என்றால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊர்க்காரர்கள் போட்டது. அதை யார் போட்டார்கள் என்று எழுதவில்லை என்றால் போட்டவருக்கு வயிறு எரியும், நியாயம்தானே.

புதுத்தெரு ரோடு பற்றி ஒரு வார்த்தை. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-லேயே உத்தரவு போட்டார். சுரண்டாமல் மேலேயே போட்டால் வீடெல்லாம் பள்ளத்தில் போய்விடும், மழைத் தண்ணீர் படியேறி வரும். உங்கள் எஸ்டிமேட்டில் சுரண்டுவதற்குத் தனி ஐட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை நடக்கும் அன்றைக்குக் காலையில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். கனம் பார்ப்பதும் அப்படித்தான், லூஸாகக் கொட்டியிருக்கும்போது கனமாகத் தெரியும், ரோலர் ஏறின பிறகு இறங்கிவிடும். உருட்டி முடித்ததும், சூடு ஆறுவதற்குள், ஒரு மெல்லிய கம்பியை அடியில் தட்டும் வரை இறக்கி, தார் மட்டத்தில் கட்டை விரல் நகத்தை வைத்து அப்படியே உருவி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். எஸ்டிமேட்டில் 30 மி.மீ. என்றால் 30 இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் பார்க்காதீர்கள், நடுவிலும் பாருங்கள். கான்ட்ராக்டர் ஆள் உங்களை இளநீர் குடிக்கக் கூப்பிடுவான். குடியுங்கள், ஆனால் கம்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடியுங்கள்.

சும்மா_கேட்கிறேன்

நல்லா இருக்கு. தேர்தல் வரப் போகுது, அறிக்கை எப்படி எழுதுவதுன்னு டியூஷன். வீட்டு வரியை ஏத்தினது யார்? அதை அறிக்கையில் போட்டீங்களா? கமிஷன் எவ்வளவு சதவீதம்னு போட்டீங்களா? சம்பளம் இல்லாத வேலைக்கு லட்சம் லட்சமா செலவு பண்ணி ஏன் நிக்கறாங்கன்னு எல்லோருக்கும் தெரியும்.

கவுன்சிலர்_24

வரி: 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தது. எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் படிப்படியாகப் போய் 1,800 அடி தாண்டினால் 100 சதவீதம். மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். மன்றத்தில் தீர்மானம் வந்தது, நானும் கை தூக்கினேன். பதவிக்கு வந்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன். குரூப்பில் அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

சம்பளம்: 2023 ஜூலையிலிருந்து மதிப்பூதியம் உண்டு. மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, எங்களுக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500. பெட்ரோலுக்கும் கல்யாண மொய்க்கும் அது பத்தாது. ஒரு முகூர்த்தத்தில் எட்டு பத்திரிகை வரும், போகாவிட்டால் அது தனிக் கோபம்.

கமிஷன் நான் வாங்கவில்லை என்றால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. புதுத்தெரு எஸ்டிமேட் நகலைக் குரூப்பில் போடப் போகிறேன், எங்கள் நகராட்சி ஓவர்சியரிடம் கேட்டிருக்கிறேன். ரோடு போடும் அன்றைக்கு யார் வேண்டுமானாலும் கம்பியோடு வரலாம்.

ஓவர்சியர் ஐயாவுக்கு நன்றி. பார்த்தேன், சுரண்டும் ஐட்டம் எஸ்டிமேட்டில் இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஒரு எஸ்டிமேட்டை வரிக்கு வரி படித்தது இதுதான் முதல் தடவை. முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவேன், மொத்தத் தொகை அங்கே இருக்கும்.

மனு_எழுதுகிறவன்

நகராட்சியில் எஸ்டிமேட் நகல் கொடுக்க இழுத்தடித்தால் பொதுமக்களில் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் காகிதம் மட்டும் இல்லை, நடக்கிற வேலையைப் போய்ப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. தார் ரோட்டில் ஒரு துண்டு வெட்டிக் கேட்கலாம். நான் ஒரு தடவை கேட்டேன். பதில் வருவதற்கு முன்னால் அந்த ரோட்டுக்கு மேல் இன்னொரு அடுக்கு போட்டுவிட்டார்கள்.

ஊராட்சி_முன்னாள்

நான் ஒரு கிராம ஊராட்சியில் ஐந்து வருஷம் தலைவராக இருந்தேன், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது தனி அலுவலர் பார்க்கிறார். உங்களுக்கு வாட்ஸ்அப், எங்களுக்குக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. வரவு செலவை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எங்கள் செயலர் முதல் தடவை இரண்டு நிமிஷத்தில் ரயில் வண்டி மாதிரி வாசித்து முடித்துவிட்டார். ஒரு பாட்டி எழுந்து, “தம்பி, பைப்புக்கு எவ்வளவுன்னு சொன்னே, மறுபடி சொல்லு” என்றார். மறுபடி வாசித்தார். “எந்தத் தெரு பைப்பு?” செயலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ‘குடிநீர்ப் பராமரிப்பு’ என்று மொத்தமாகப் போட்டிருந்தது. அடுத்த தடவையிலிருந்து தெரு பெயர், வாங்கின கடை, எத்தனை அடி எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் கூட்டத்தில் சண்டை குறையவில்லை, ஆனால் சண்டை வேறு மாதிரி ஆனது. “நீ தின்னுட்டே” என்று போய், “அந்தக் கடையில் ஏன் வாங்கினே, விலை ஜாஸ்தி” என்று வந்தது. இதற்குப் பதில் சொல்ல முடியும் பாருங்கள்.

ராஜஸ்தானில் சமூக ஆர்வலர் அருணா ராய் போன்றவர்கள் இருந்த எம்கேஎஸ்எஸ் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொண்ணூறுகளில் இதைத்தான் செய்தது. கிராமத்தில் பந்தல் போட்டு, பஞ்சாயத்துச் செலவுப் பட்டியலை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள், கூலி வாங்கியதாகப் பெயர் இருக்கிறவரே எழுந்து ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே’ என்றார். தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்து அங்கேதான்.

ஒன்று கேட்கிறேன் தங்கச்சி, நகராட்சியில் உங்களுக்கும் கிராம சபை மாதிரி பகுதி சபை உண்டே, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட வேண்டும் என்று விதி. 2022 நவம்பர் 1-ல் சென்னைக்குப் பக்கத்தில் பம்மலில் அன்றைக்கு முதலமைச்சராக இருந்த ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூட்டினீர்கள்? வாட்ஸ்அப்பில் 400 பேர் என்றால் மிச்சம் இருக்கிறவர்கள் யார்? வயசானவர்கள், போன் இல்லாதவர்கள். ஓட்டுப் போட வரிசையில் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

கவுன்சிலர்_24

அண்ணா, கடைசியாகக் கூட்டியது எட்டு மாதத்துக்கு முன்னால். 14 பேர் வந்தார்கள், அதில் ஐந்து பேர் நகராட்சி ஊழியர்கள். டீயும் பஜ்ஜியும் மிஞ்சிப் போச்சு. உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம் எனக்கே ஆர்வம் விட்டுப் போனது.

மேன்ஹோல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் குரூப்பில் பெரிய சண்டை. பிள்ளையார் கோயில் தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு மூடி வழியாகப் பொங்கியது. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கிற ஜெட்டிங் வண்டி ஊருக்கே ஒன்று, அது அப்போது ரிப்பேர். தெருக்காரர்கள் நாலு பேர் என் கடைக்கு வந்து, “ஆளை இறக்கிவிடுங்க, ஐந்நூறு ரூபாய் நாங்க தர்றோம், பத்து நிமிஷ வேலை” என்றார்கள். ஒரு பெரியவர் பணத்தை எடுத்து என் மேஜையிலேயே வைத்துவிட்டார், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில். முடியாது என்றேன். 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவது குற்றம், குழிக்குள் ஒருத்தர் செத்துப் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதெல்லாம் அப்புறம். குழிக்குள் இறங்க வேண்டிய மேஸ்திரியையும் எனக்குத் தெரியும், அவர் பையன் என் பெண்ணோடு ஒரே வகுப்பு. வண்டி ரிப்பேர் ஆகி வர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அந்தத் தெருவில் நாற்றம், குழந்தைகள் செங்கல் மேல் கால் வைத்து ஸ்கூலுக்குப் போனார்கள். ‘கவுன்சிலர் ஒரு ஆளைக்கூட அனுப்பவில்லை’ என்று குரூப்பில் எழுதினார்கள். எழுதியது உண்மைதான். ஏன் அனுப்பவில்லை என்பதைத்தான் நான் எழுதவே இல்லை. ‘அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது’ என்று எழுதினேன்.

மூணாவது_சந்து

இதை எழுதுங்கள். இதே வார்த்தையில், கத்தரிக்கோல் உள்பட.

பின்கோடு_தெரியாதவள்

நான் ஒரு சாதாரண வாக்காளர். எனக்குத் தேவை வேறு. எந்தக் குறைக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல்தான் எல்லாவற்றையும் கவுன்சிலரிடம் கொட்டுகிறோம். எங்கள் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை, அந்த 1,200 ரூபாய், அதற்காகக் கவுன்சிலர் வீட்டுக்கு ஆறு மாதம் நடந்தோம். அவரும் “பார்க்கிறேன், பார்க்கிறேன்” என்றார். கடைசியில் விஏஓதான் சொன்னார், அது வருவாய்த்துறை, தாசில்தார் ஆபீஸ் என்று. முதல் நாளே “இது என் கையில் இல்லை” என்று சொல்லியிருந்தால் அவர் மேல் மரியாதை கூடியிருக்கும். ‘இந்த மாதம் என்னிடம் வந்த குறைகளில் என் கையில் இல்லாதவை இவை, அதற்கு இங்கே போங்கள்’ என்று ஒரு பத்தி போடுங்களேன்.

ஓய்வு_ஓவர்சியர்

அந்தப் பெண் சொல்வது ரொம்பச் சரி. தெருவிளக்கிலேயே இந்தக் குழப்பம் உண்டு. கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்குகிற விளக்கு நகராட்சியுடையது. கம்பம் சாய்ந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, விளக்கு எரியாவிட்டால் நகராட்சி. குடிநீரும் அப்படி, மேல்நிலைத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை நகராட்சி. பஸ் போகிற பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத்துறை. அதில் பள்ளம் விழுந்தால் கவுன்சிலர் தலை உருளும், பாவம்.

கவுன்சிலர்_24

எல்லோரும் சொன்னதை வைத்து இந்த மாதத்துக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் குரூப்பில் போடவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

“வணக்கம். இந்த மாதக் கணக்கு.

புதுத்தெரு ரோடு: 180 மீட்டர். பணம் நகராட்சிப் பொது நிதி, அதாவது நம் வீட்டு வரி. டெண்டர் முடிந்தது, ஒர்க் ஆர்டர் 11-ஆம் தேதி கொடுத்தார்கள். கான்ட்ராக்டருக்குப் போன வருஷ வேலைக்கான பில் பாக்கி இருப்பதால் இழுக்கிறார். 25-ஆம் தேதிக்குள் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார், எழுதித் தரவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும், எஸ்டிமேட் நகலை இணைத்திருக்கிறேன். சுரண்டாமல் போட ஆரம்பித்தால் உடனே எனக்கு போன் பண்ணுங்கள், என் வீட்டுக்காரருக்கு இல்லை, எனக்கு.

பிள்ளையார் கோயில் தெரு சாக்கடை: மூன்று நாள் பொங்கியது. ஆளை இறக்கச் சொன்னார்கள், இறக்கவில்லை, இனியும் இறக்க மாட்டேன். ஜெட்டிங் வண்டி வந்து சரி செய்தது. உடைந்த மூடிகள் இரண்டு, ஒன்று மாற்றியாச்சு, 14-ஆம் நம்பர் வீட்டு வாசலில் இருப்பதற்கு அளவுக்கேற்ற மூடி ஸ்டோரில் இல்லை. மூடி வரும் வரை மேலே சிவப்புத் துணி கட்டிய கம்பு வைத்திருக்கிறோம், தயவுசெய்து அதை எடுக்காதீர்கள்.

குடிநீர்: மேட்டுத் தெரு போர்வெல் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங்குக்குப் போயிருக்கிறது. வரும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி, காலை ஆறரைக்கு. லாரி தெருமுனையில் நின்றுவிட்டுப் போய்விடுகிறது என்று கடைசி வீட்டு அம்மா சொன்னார், உண்மைதான், நேற்று நானே பார்த்தேன். நாளையிலிருந்து முதலில் கடைசி வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

நாய்: 9 குறைகள் வந்தன. பிடித்து வேறு ஊரில் விட முடியாது, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. நம் ஊரில் கருத்தடை மையம் இல்லை. மன்றத்தில் கேட்டேன், பதில் இல்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

என் கையில் இல்லாதவை: முதியோர் உதவித்தொகைக்குத் தாசில்தார் அலுவலகம். சாய்ந்த மின்கம்பத்துக்கு மின்னகம். பஸ் ரோட்டுப் பள்ளம் நெடுஞ்சாலைத்துறை, மனு கொடுத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு ரேஷன் கடைத் திண்ணையில் இதையே வாசிப்பேன். போன் இல்லாதவர்களைக் கூட்டி வாருங்கள். பஜ்ஜி கிடையாது.”

ஓய்வு_ஓவர்சியர்

நன்றாக வந்திருக்கிறது அம்மா. ஒரே ஒரு திருத்தம். கான்ட்ராக்டருக்குப் பில் பாக்கி என்பதைப் போடுவதற்கு முன்னால் அக்கவுண்டண்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் சொல்கிற காரணம் அது, பாதி நேரம் ஆள் வேறு ஊரில் வேலை பிடித்திருப்பான்.

சும்மா_கேட்கிறேன்

எஸ்டிமேட் நகலை நிஜமாவே போடப் போறீங்களா?

கவுன்சிலர்_24

போட்டுவிட்டேன், மொத்தம் ஏழு பக்கம். அக்கவுண்டண்ட்டிடம் கேட்டேன், பாக்கி இல்லை, போன மாதமே செக் போய்விட்டதாம். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘கான்ட்ராக்டர் தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை’ என்று மாற்றினேன். அரை மணி நேரத்தில் கான்ட்ராக்டரே போன் பண்ணிவிட்டார், குரூப்பில் அவருடைய மச்சான் இருக்கிறாராம்.

மூணாவது_சந்து

குரூப்பில் என்ன சொன்னார்கள்?

கவுன்சிலர்_24

கும்பிடு எமோஜி மூன்றுதான் வந்தது. போட்டோவில் வட்டம் போட்ட பையன் எஸ்டிமேட்டின் நாலாவது பக்கத்தைப் பெரிதாக்கி, 180 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, எங்கள் தெரு பைக் மீட்டரில் 210 காட்டுகிறது, மிச்சம் 30 மீட்டர் யார் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறான். கடைசி ஐந்து வீடு அந்த 30-க்குள் வருகிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை டேப்போடு போகிறோம், அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

பின்கோடு_தெரியாதவள்

மோட்டார் வந்துவிட்டதா?

கவுன்சிலர்_24

இல்லை. வியாழக்கிழமை என்கிறார்கள்.